கொச்சி வரை போய் வந்த பெட்டி

வந்துகொண்டிருக்கிறது என்றுதான் இன்றைக்கும் போனில் போட்டிருக்கிறது. நேற்றும் அதேதான், அதற்கு முந்தின நாளும் அதேதான். அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை வண்டி, ஓடுகிறது என்று காட்டுவதற்கு அதன் பின்னால் மூன்று கோடு. ஓடுகிற வண்டியை இத்தனை நாளாக ஒரே இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனைச் சமையல் மேடையில் கவிழ்த்து வைக்கிறேன். இவர் சாப்பிட்டுவிட்டுப் போன தட்டு கிடக்கிறது, ஓரத்தில் இட்லித் துணுக்கு, சட்னி காய ஆரம்பித்துவிட்டது. கழுவலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தத்தில் கேட் சத்தம் கேட்காமல் போய்விடும். கேட்டை ஆடிக் காற்று தூக்கித் தூக்கி அடிக்கிறது, கீழ்வீட்டு ரெஜினாக்கா கொண்டி போட மறந்திருப்பார். முதலில் எல்லாம் ஒவ்வொரு அடிக்கும் பால்கனிக்கு ஓடினேன். இப்போது எழுந்திருப்பதில்லை, காது மட்டும் போய்விட்டு வருகிறது. போய்விட்டு வந்து ஒன்றுமில்லை என்கிறது. சரி என்று நானும் இருக்கிறேன். அழுகை வரும் என்று சனிக்கிழமை ஒரு தடவை பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வரவில்லை. வாளி நிறைந்து தண்ணீர் வழிந்ததும் வெளியே வந்துவிட்டேன். ஹாலில் மிருதுளா தரையில் உட்கார்ந்திருக்கிறாள், முதுகு சுவரில், முன்னால் எவர்சில்வர் கிண்ணம். காலியாகத்தான் இருக்கிறது. காலிக் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தால் மறுபடியும் கொண்டுபோய் அதே இடத்தில், அதே டைல்ஸ் கோட்டுக்கு நேராக வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். என்னைக் கேட்பதில்லை, திட்டுவதில்லை. கிண்ணத்தை வைத்தால் அது நிறையும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த உலகம். இத்தனை வருஷம் நான்தான் அதை அப்படிப் பழக்கியிருக்கிறேன்.

பதினாறு முடிந்துவிட்டது அவளுக்கு, என்னைவிடத் தலை உயரம். தலை சீவிவிட ஸ்டூலில் உட்காரவைத்தால்தான் எனக்கு எட்டும். டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னபோது மூன்று வயது, என் மடியில் உட்கார்ந்து அவருடைய பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சாப்பாடு இவளுக்கு எப்போதும் சிக்கல்தான். முதலில் பருப்புச் சோறு நின்றது, அப்புறம் இட்லி, அப்புறம் வாழைப்பழம். போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு தயிர்ச் சோறும் நின்றுவிட்டது. இப்போது இரண்டே பொருள். மோர், அப்புறம் வளையம். வளையம் என்பது நாங்கள் வைத்த பேர். கோதுமையில் செய்தது, சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொள்கிற அளவு, மஞ்சள் அட்டையில் வாத்துப் படம் போட்டு வரும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் பாலில் போட்டுச் சாப்பிடும், இவள் வெறுமனே ஒவ்வொன்றாக எடுத்து மென்று, அந்தக் கருக் கருக் சத்தம் முழுசாக அடங்கின பிறகுதான் அடுத்ததை எடுப்பாள். ஒரு கிண்ணம் முடிய ஒரு மத்தியானம் ஆகும். அந்த வாத்துக்காரக் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. ஓடவில்லையாம். அதே மாதிரி வேறு கம்பெனியில் வந்தது, வாங்கினேன், மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். மஞ்சள் அட்டைக்குள் மாற்றிப் போட்டும் கொடுத்துப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் இவர் ஷிப்டு முடிந்து காந்திபுரம், டவுன்ஹால், சிங்காநல்லூர் என்று கடை கடையாக ஏறி இறங்கி, தூசி தட்டி எடுத்துக் கொடுத்ததை எல்லாம் வாங்கிவந்தார். அதுவும் தீர்ந்த சமயத்தில்தான் ரெஜினாக்கா பெண் இந்த ஆப்பைப் போனில் போட்டுக்கொடுத்தாள். கம்பெனிகளில் விற்காமல் தேங்கினது, தேதி நெருங்கினது, அட்டை மாறிப்போனது எல்லாவற்றையும் தள்ளுபடியில் அள்ளிவிடுகிற கடை. ஊரெல்லாம் அதில் விலைக்காகப் போகிறது, நான் வாத்துக்காகப் போனேன். முதல் தடவை திரையில் அந்த மஞ்சளைப் பார்த்தபோது உடம்பெல்லாம் நடுங்கியது, நடுங்கியது ஞாபகம் இருக்கிறது, எப்படி இருந்தது என்பது ஞாபகம் இல்லை.

அப்போதெல்லாம் சொன்ன நாளில் வந்தது. இந்தத் தடவைதான். வாரம் முழுக்கப் பெரிய தள்ளுபடி விற்பனை, ஏகப்பட்ட ஆர்டர் என்று மேலே ஒரு பட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டி ஓசூர் குடோனிலிருந்து கிளம்பியது, சேலம் வந்தது, அது வரை சரி. அதற்கடுத்த வரியில் கொச்சி. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். சேலத்திலிருந்து கொச்சிக்குப் போனால் நம்ம ஊரைத் தாண்டித்தானே போகணும், என்றார். ஆமாங்க, என்றேன். பைபாஸில்தானே போயிருக்கும், என்றார். லாரி ஊருக்கு வெளியே நீலாம்பூர் பக்கம் போயிருக்கும், நாங்கள் தூங்கிக்கொண்டிருந்திருப்போம், கிண்ணத்தில் அப்போது கொஞ்சம் வளையம் இருந்தது. ஒருவேளை லாரிக்காரர் அங்கே டீ குடிக்க நிறுத்தியிருப்பார். அந்த நிறுத்தின லாரியை இந்தச் சில நாளில் நிறையத் தடவை போய்ப் பார்த்துவிட்டேன். தார்ப்பாய் நுனி காற்றில் அடிக்கிறது, கயிறு ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது, உள்ளே எங்கேயோ அடியில் பெட்டி. நான் அதில் ஏறுவதில்லை. பக்கத்தில் நின்று பார்க்கிறேன், லாரி கிளம்பிப் போய்விடுகிறது. மறுபடியும் லாரி வந்து நிற்கிறது.

மிருதுளா பேசுகிறாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, என்கிறாள். அதே ராகம், முக்கியமானதில் மு கொஞ்சம் தூக்கி, து கொஞ்சம் இறக்கி. தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும். அவளாகப் பேசுவது குறைவு, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வாள், பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு, மிக்ஸி விளம்பரம். இந்தச் சில நாளாக இதுதான். நான் அந்தக் கடை நம்பருக்கு அடித்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததில் பிடித்துக்கொண்டுவிட்டாள். நேற்று ஒரு தடவை மிஷின் போய் மனுஷக் குரல் வந்தது, சின்னப் பெண் போல. உங்க பார்சல் வந்துட்டிருக்குங்க மேடம், என்றது. அது தெரியுதுங்க, எப்ப வரும், என்றேன். இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள வந்துரும் மேடம், என்றது. முந்தாநாளும் அதான் சொன்னீங்க, என்றேன். சிரமத்துக்கு வருந்தறோம் மேடம், வேற ஏதாச்சும் உதவி வேணுங்களா, என்றது. எனக்கு என்ன தோன்றியதோ, என் பொண்ணு அதை மட்டுந்தானுங்க சாப்பிடுவா, வெள்ளிக்கிழமையில இருந்து மோர்லதான் இருக்கறா, என்று சொல்லிவிட்டேன். பின்னால் நிறையப் பேர் பேசுவது கேட்டது. அப்புறம், வேற பிராண்டு ஏதாச்சும் வாங்கிக் குடுத்துப் பாருங்களேன்க்கா, என்றது, மேடம் போய் அக்கா வந்திருந்தது, குரலும் அவளுடைய சொந்தக் குரலாகிவிட்டது. நல்ல மனசில்தான் சொன்னாள். சரிங்க, என்றேன். பதினாறு வருஷமாக நல்ல மனசில் சொல்கிறவர்களுக்கெல்லாம் சரிங்க என்றுதான் சொல்லியிருக்கிறேன், அதில் ஒரு சிரமமும் இல்லை, வாய் அதுவாகச் சொல்லிவிடுகிறது.

நங்கையும் நல்ல மனசில்தான் செய்தார். இவருடைய அக்கா, பொள்ளாச்சியில் இருக்கிறார். மிருதுளாவுக்கு எட்டு வயதில் எனக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன், இவளைக் கொண்டுபோய் அங்கே விட்டிருந்தது. வேறு வீட்டில் தயிர்ச் சோறுகூடத் தொடமாட்டாள் என்று போகும்போதே ஒரு பை நிறைய வாத்து அட்டை கொடுத்துத்தான் விட்டேன். நங்கை அதைப் பரண்மேல் எடுத்து வைத்துவிட்டார். பசிச்சா தானாத் தின்னுவா, நீங்க செல்லம் குடுத்துக் குடுத்துக் கெடுத்துப்போட்டீங்க கோகிலா, என்று போனில் சொன்னார். பசித்திருக்கும். கட்டாயம் பசித்திருக்கும். ஆனால் பசிக்கும் வாய்க்கும் நடுவே மற்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, இவளுக்கு அந்த வழியில் ஒரு கதவு, அது வளையத்துக்கு மட்டும் திறக்கும். அதை யாருக்கு எப்படிச் சொல்வது. தட்டில் சோறு வைத்திருந்தாராம், நெய் ஊற்றி, அப்பளம் பொரித்து. இவள் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். ஒரு நாள் போய், இன்னொரு நாள் போய், அப்புறம் பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டாள். பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தி, கடைசியில் பாதத்தில் ஊசி ஏற்றினார்கள். நான் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரில் போனேன். நங்கை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். எனக்குத் தெரியாதும்மிணி, எனக்குத் தெரியாது, என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரியாதுதான். உள்ளே படுக்கையில் இவள் சின்னதாகக் கிடந்தாள், உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. நான் பையிலிருந்து வாத்து அட்டையை எடுத்ததும் அந்தக் காகிதம் கிழிகிற சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள். அந்தத் திரும்பல். இன்றைக்கு வரைக்கும் நான் தூக்கத்தில் அட்டை கிழிகிற சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன் அடிக்கிறது, இல்லை, அடிக்கவில்லை, அது ரெஜினாக்கா வீட்டு மிக்ஸி. திருப்பிப் பார்க்கிறேன், பச்சை வண்டி அங்கேயேதான். காலையில் டாக்டரிடம் இவர் பேசினார். இன்னிக்கும் சாப்பிடலேன்னா சாயங்காலம் கூட்டிட்டு வந்துருங்க, டிரிப்ஸ் ஏத்தலாம், என்றாராம். இவருக்குப் பம்புக் கம்பெனியில் வேலை, ஷிப்டு மாற்றிக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கிளம்பும்போது அவரே அலமாரியிலிருந்து அவளுடைய இரண்டு சுடிதார், துண்டு, பல்பொடி எல்லாம் எடுத்துப் பையில் வைத்துக் கதவோரம் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். நான் அந்தப் பையைத் தாண்டித் தாண்டித்தான் நடந்துகொண்டிருக்கிறேன். எட்டு வயதில் ஒரு கையை நான் பிடித்தால் ஒரு நர்ஸ் ஊசி போட்டுவிடலாம். இப்போது இவளைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும். ஆண்கள்தான் வருவார்கள், வார்டு ஆட்கள், காலை ஒருத்தர் கையை ஒருத்தர். சத்தம் போடுவாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றுகூடச் சொல்வாள், அதையும் கேட்டுக்கொண்டு அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் தள்ளி நிற்பேன். இதை எல்லாம் நினைக்கும்போது நெஞ்சு அடைக்க வேண்டும், அடைக்கவில்லை, சினிமாக் கொட்டகையில் ரொம்பப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. சரி, பெட்டி வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது தீரும். அதற்கு அடுத்தது வரும், அதுவும் தீரும். எங்கெங்கே குடோனில் எத்தனை அட்டை கிடக்கிறதோ, எல்லாவற்றுக்கும் பின்பக்கம் ஒரு தேதி அச்சடித்திருக்கிறது, புதுசாக இனி ஒன்றும் வராது. ஒரு நாள் இந்தியாவிலேயே கடைசி அட்டையை நான் இந்த மேடைமேல் வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டுவேன். அது கடைசி என்று எனக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். அப்புறம் நான் ஒருத்தி இருக்கிறேன், எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது, இவருக்கு இரத்தக் கொதிப்பு. நினைப்பு இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் மாதிரி நின்றுகொள்கிறது. மேலே போவதில்லை. திரும்பி லாரியிடம் போய்விடுகிறது, தார்ப்பாய், தளர்ந்த கயிறு.

மோர் கடைந்து டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்கிக் குடிக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, கை சில்லென்று இருக்கிறது. இன்னொரு வாய் சாமி, என்கிறேன். டம்ளரை என் கையில் திணித்துவிட்டுக் கிண்ணத்தைக் கோட்டுக்கு நேராக நகர்த்துகிறாள். வளையம், என்கிறாள். அது அவளுடைய சொந்த வார்த்தை, யாரிடமிருந்தும் பிடித்தது இல்லை. வருது சாமி, என்கிறேன். அப்போதுதான் மேடைமேல் போன் டிங் என்கிறது. போய் எடுத்துப் பார்க்கிறேன். வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, டெலிவரி முயற்சி தோல்வி. இரண்டு தடவை படிக்கிறேன். எழுத்து எழுத்தாகத்தான் இருக்கிறது. வீட்டில் இல்லை. யார் வீட்டில் இல்லை. நான் கடைசியாக வீட்டில் இல்லாமல் இருந்தது எப்போது என்று யோசிக்கிறேன், உண்மையாகவே உட்கார்ந்து யோசிக்கிறேன், சித்தப்பா பையன் கல்யாணத்துக்கு இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் மட்டும் போய் முகூர்த்தம் முடிந்ததும் திரும்பியது. அது கொரோனாவுக்கு முன்னால். அந்த வரியின் அடியில் ஒரு போன் நம்பர் இருக்கிறது என்பது அதற்கப்புறம்தான் தெரிகிறது. அழுத்துகிறேன். பெண் குரல், வண்டிச் சத்தத்தோடு. அக்கா சொல்லுங்க, என்கிறாள். பார்சல் கொண்டாந்தீங்களாங்க, ஆளில்லைன்னு வந்திருக்குது, என்கிறேன். மூணாவது கிராஸ் பச்சைக் கேட்டுத்தானுங்களே, பூட்டிக் கெடந்துச்சுங்க, பெல்லடிச்சுப் பாத்தனுங்க, என்கிறாள். நீங்க போனது ரெண்டாவது கிராஸ்ங்க, எங்கது நீலக் கேட்டு. எங்க வீட்ல ஆளில்லாத நேரமே இல்லீங்க, என்கிறேன். எனக்குக் காமிச்ச இடம் அதானுங்க, இப்பச் சித்ரா பஸ் ஸ்டாப் பக்கம் வந்துட்டனுங்க, நாளைக்குக் கொண்டாரட்டுங்களா, என்கிறாள். வேண்டாம் என்று நான் கத்தவில்லை. அந்தப் பெட்டியில எம்பொண்ணு சாப்பாடு இருக்குதுங்க, என்று மட்டும் சொல்கிறேன், தண்ணி வரலைங்க என்று சொல்கிற மாதிரி. இருங்க வாரேன், என்று வைத்துவிடுகிறாள்.

வருகிறாள். கேட் அடிப்பதற்கும் கேட் திறப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, கொண்டி தூக்குகிற சத்தம் ஒன்று கூடுதல். படியேறி வந்து நிற்கிறாள், என் வயதுதான் இருக்கும், சேலைமேல் கம்பெனிச் சட்டை, முந்தானையைத் தலையோடு சுற்றிக் கட்டியிருக்கிறாள், சாரலில் தோள் நனைந்திருக்கிறது. சட்டையில் பேர் போட்டிருக்கிறது, நாகலட்சுமி. போனில் வந்த ஓ.டி.பி. நம்பரைக் கேட்கிறாள், சொல்கிறேன். பெட்டியைக் கொடுக்கப் போனவள் கொடுக்காமல் லேசாக ஆட்டிப் பார்க்கிறாள். உள்ளே மணல் சரிகிற மாதிரி ஒரு சத்தம். அக்கா, இது நசுங்கியிருக்குதுங்க, என்கிறாள். பிரிச்சுப் பாத்துப்போட்டு வாங்கிக்குங்க, வேண்டாம்னா இப்பவே திருப்பி எடுத்துட்டுப் போயிர்றேன், காசு வந்துரும். மிருதுளா எழுந்து என் பின்னால் வந்து நிற்கிறாள், என் தோளுக்கு மேலாகப் பார்க்கிறாள், மூச்சு என் காதில் படுகிறது. நாகலட்சுமி அவளைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாப்பாவுக்குங்களா, என்கிறாள். ஆமாங்க, என்கிறேன். திருப்பி எடுத்துக்கொண்டு போனால் கொச்சிக்குப் போகுமோ ஓசூருக்குப் போகுமோ. கொடுத்துருங்க, என்கிறேன். கொடுத்துவிட்டு அவள் உடனே இறங்கவில்லை. ரெண்டு படி இறங்கித் திரும்பி, நானும் கொஞ்சம் பாத்து வந்திருக்கலாமுங்க, என்கிறாள். அவள் பாவம் என்ன செய்வாள், அவளுக்குக் காமித்த இடம் அது. தண்ணி குடிக்கறீங்களா, என்கிறேன். இன்னும் நெறைய வீடு இருக்குதுங்க, என்று போய்விடுகிறாள். போகும்போது கொண்டி போட்டுவிட்டுப் போகிறாள்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து பிரிக்கிறேன். மேலாக எண்ணெய் டப்பா கிடக்கிறது, அஞ்சு லிட்டர். வாத்து அட்டை மட்டும் போட்டால் ஆர்டர் ஏற்கவில்லை, இன்னும் சேர்க்கச் சொன்னது, அதுதான் கடலை எண்ணெய் ஒன்றும் சோப்புத்தூள் ஒன்றும் சேர்த்திருந்தேன். சேலம், கொச்சி, மறுபடி இங்கே, அவ்வளவு தூரமும் எண்ணெய் டப்பா வாத்துகள்மேல் உட்கார்ந்து வந்திருக்கிறது. அட்டை எல்லாம் நசுங்கிச் சப்பையாகிவிட்டது. ஒன்றை வெட்டித் தாம்பாளத்தில் கொட்டுகிறேன். தூள். இன்னொன்று. தூள், நடுநடுவே நிலாப் பிறை மாதிரித் துண்டு. இன்னொன்று. உடைந்தது இவளுக்குச் சாப்பாடு இல்லை. எப்போதாவது கிண்ணத்தில் ஒன்று உடைந்து வந்துவிட்டால் எடுத்துத் தரையில் வைத்துவிடுவாள், பல்லிடுக்கில் மாட்டினதை எடுத்து வைக்கிற மாதிரி, அவ்வளவுதான் அதற்கு மரியாதை. நான் எல்லா அட்டையையும் வெட்டிக் கொட்டிவிட்டேன். தாம்பாளம் நிறைந்துவிட்டது. முழுசாக ஒரு கைப்பிடிகூட இல்லை, அந்தக் கொஞ்சத்தைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டேன், நின்றபடியே எடுத்து எடுத்து மென்றுவிட்டாள், கிண்ணத்தைத் திருப்பி நீட்டுகிறாள். வளையம். இல்லை சாமி. வளையம். கை தானாகப் போய் அந்தத் தூளில் ஒரு பிடி அள்ளி என் வாயில் போட்டுக்கொள்கிறது. இத்தனை வருஷத்தில் நான் இதைத் தின்று பார்த்ததே இல்லை. ஒன்றுகூட. ஒன்று நான் தின்றால் ஒன்று அவளுக்குக் குறையும் என்று இருந்தது. இதில் ருசியே இல்லை. அட்டையை மென்றால் இப்படித்தான் இருக்கும், முடிவில் துளியூண்டு தித்திப்பு, லேசாக வறுத்த வாசம். இதற்காகவா. ஆமாம், இதற்காகத்தான். இன்னொரு பிடி அள்ளுகிறேன். நானும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது வாயில் எச்சில் ஊறின பிறகுதான் தெரிகிறது. தின்கிறேன், தூள் தொண்டையில் அடைத்து இருமல் வருகிறது, இருமிக்கொண்டே தின்கிறேன்.

மிருதுளா எதிரில் உட்கார்ந்துவிட்டாள். என் வாயையே பார்க்கிறாள். அவளுடைய பொருளை நான் தின்று அவள் பார்த்ததில்லை. தாம்பாளத்திலிருந்து ஒரு பிறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தரையில் வைக்கிறாள். இன்னொன்றை எடுத்து, பார்த்து, தரையில். அவள் வைத்ததற்குப் பக்கத்தில், எதற்கு என்று தெரியவில்லை, கை சும்மா இருக்கவில்லை, இன்னொரு பிறையை எடுத்து எதிர்ப்பக்கம் வைத்து ஒட்டி நகர்த்துகிறேன். தரையில் ஒரு வட்டம். நடுவே மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல். அவள் குனிந்து பார்க்கிறாள், மூக்கு தரையில் இடிக்கிற அளவுக்கு. ரொம்ப நேரம் பார்க்கிறாள். நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு விரலால் இரண்டு பாதியையும் சேர்த்து, பிரியாமல், எடுத்து, வாயில் போட்டுக்கொள்கிறாள். கருக், கருக். சத்தம் அடங்குகிறது. தரையைப் பார்க்கிறாள். நான் அடுத்ததை வைக்கிறேன். இதற்கும் பொருத்தமான பாதி கிடைத்துவிட்டது. எடுக்கிறாள். தேடித் தேடி வைக்கிறேன், தாம்பாளத்தைத் துழாவி, பெரிசுக்குப் பெரிசு, சின்னதுக்குச் சின்னது. கை வேகம் போதவில்லை, அவள் காத்திருக்கிறாள், இணைப்பில் காத்திருக்கவும் என்று சொல்லவில்லை, சும்மா காத்திருக்கிறாள். வெளிச்சம் ஜன்னலில் ஒரு கம்பி நகர்ந்துவிட்டது. போன் அடிக்கிறது, இந்தத் தடவை நிஜமாகவே, இவர். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறேன். வந்துருச்சா, என்கிறார். வந்துருச்சுங்க, என்கிறேன். சாப்பிட்டாளா, என்கிறார், குரல் ஒரு மாதிரியாக இருக்கிறது, பின்னால் லேத்து ஓடுகிற சத்தம். சாப்பிட்டுட்டு இருக்கறா. அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. கொஞ்சம் கழித்து, எத்தனை நாளைக்கு வரும் கோகிலா, என்கிறார். தாம்பாளத்தைப் பார்க்கிறேன். தூள்தான் பெரும்பாலும். தெரியலைங்க, வரும்போது மோருக்குத் தயிர் வாங்கிட்டு வந்துருங்க, என்கிறேன். சரி, என்று வைத்துவிடுகிறார்.

பொருந்துகிற பாதிகள் தீர்ந்துவிட்டன. ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிசாகவும் இருக்கிற இரண்டை எடுத்துச் சேர்த்து வைக்கிறேன், வட்டம் கோணலாக, ஒரு பக்கம் வாய் பிளந்துகொண்டு நிற்கிறது. இதை எடுக்க மாட்டாள், எனக்குத் தெரியும். குனிந்து பார்க்கிறாள். விரலை நீட்டித் தடிமன் பாதியைக் கொஞ்சம் திருப்பி வைக்கிறாள். இன்னும் கோணல்தான். எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். வாயைப் பார்க்கிறேன், மெல்லுகிறாள், விழுங்குகிறாள், தரையைப் பார்க்கிறாள். இன்னும் மோசமான கோணலாக ஒன்று வைக்கிறேன். அதையும். மூன்று துண்டு சேர்த்து ஒன்று வைக்கிறேன். அதையும். பதினாறு வருஷத்தில் இவள் எதையும் விட்டுக்கொடுத்து நான் கண்டதில்லை. பெரிய விஷயம் இது, யாருக்காவது போன் பண்ணிச் சொல்ல வேண்டிய விஷயம், எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்க்கிறேன். தெரியவில்லை. ரொம்ப நேரமாக ஒரே மாதிரிச் சம்மணம் போட்டு உட்கார்ந்ததில் இடது கால் மரத்துப்போயிருக்கிறது, இப்போதுதான் கவனிக்கிறேன். லேசாக அசைத்ததும் இரத்தம் இறங்கி, பாதத்தில் தொடங்கி முழங்கால் வரைக்கும் நூறு ஊசி ஏறுகிறது. வலிக்கிறது. நல்ல வலி. காலை நீட்டினால் தாம்பாளம் நகரும், அவள் எழுந்துபோய்விடுவாள். அப்படியே உட்கார்ந்து, வலிக்க வலிக்க, அடுத்த துண்டைத் தேடுகிறேன்.